பாட்டு எழுதி அனுப்பும் நண்பருக்கு என்ன பதில் சொல்வது? ஊக்கம், திருத்தம், பங்கு: ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தில் பாட்டு எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கோயில் கொடை விழாவுக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் கேரலுக்கு ஒன்று, பள்ளி ஆண்டு விழாவுக்கு, கல்யாண வீட்டுக்கு, இறந்தவரின் நினைவு நாளுக்கு என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது தொழில் இல்லை. ரப்பர் வெட்டுகிறவர், கடலுக்குப் போகிறவர், நர்ஸ், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர் எனப் பலரும் இதில் உண்டு. எழுதியதைக் கைபேசியில் பாடிப் பதிவு செய்து, தங்களைப் போலவே பாட்டு எழுதும் நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த நிமிடமே பதில் வந்துவிடுகிறது.

அந்தப் பதில்களில்தான் சிக்கல். "கொள்ளாம் மக்கா" (நல்லா இருக்கு) என்று பத்துப் பேர் சொன்ன பாட்டு, அடுத்த வாரம் அந்தப் பத்துப் பேருக்கும் நினைவில் இருப்பதில்லை. நல்ல மனசோடு ஒருவர் நாலு குறை சொல்ல, எழுதியவர் அதன்பிறகு பாட்டே அனுப்பாமல் ஒதுங்கிவிடுகிறார். இன்னொருவர் இரண்டு வரியை மாற்றிக் கொடுக்கிறார். பாட்டு ஊரில் பரவியதும் "அதுல என் வரியும் இருக்குல்லா" என்று பேச்சு வந்து நட்பு முறிகிறது.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஊக்கம் வேறு, திருத்தம் வேறு, பங்கு வேறு. எதைக் கேட்கிறோம் என்று அனுப்புகிறவரும் சொல்வதில்லை. எதைக் கொடுக்கிறோம் என்று பதில் போடுகிறவரும் யோசிப்பதில்லை. ஊக்கத்துக்காகக் காத்திருந்தவருக்குத் திருத்தம் போய்ச் சேருகிறது. திருத்தம் கேட்டவருக்குப் பூங்கொத்துப் படம் வருகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க, பாட்டு என்பது எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு பாட்டு, மூன்று பொருள்

நண்பர் அனுப்பிய இரண்டு நிமிடப் பதிவில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன.

1. வரி. எழுத்தில் எழுதக்கூடிய சொற்கள். பல்லவி, சரணம், சில பாட்டுகளில் இடையில் அனுபல்லவி. முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, அடியின் கடைசி ஒத்து வந்தால் இயைபு.

2. மெட்டு. சொல்லே இல்லாமல் முணுமுணுக்கக்கூடிய இசை. இதன் ஓட்டத்தைத் 'தன்னானே தானே' என்று வெறும் ஓசையாகச் சொல்வது தத்தகாரம். வரியின் குறில் நெடில் ஓட்டம் சந்தம். சந்தமும் மெட்டும் பொருந்தினால்தான் பாட்டு வாயில் வழுக்கிக்கொண்டு வரும்.

3. பதிவு. குரல், சுருதி, பின்னால் கேட்கும் மழைச் சத்தம், கைபேசி மைக்கின் தரம்.

"பாட்டு சரியில்ல" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்த மூன்றில் எது சரியில்லை என்று எழுதியவருக்குத் தெரியாது. குரல் கம்மியிருந்ததால் பதிவு சுமாராக வந்திருக்கும். வரி அருமையாக இருக்கும். அவரோ வரியைக் கிழித்துப் போட்டுவிடுவார். புதிதாக எழுதுகிறவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. எனவே பதில் எதுவானாலும், வரியைச் சொல்கிறோமா, மெட்டைச் சொல்கிறோமா, பதிவைச் சொல்கிறோமா என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

எழுதுகிறவர் எந்த வழியாகப் பாட்டுக்குள் வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்த வழிகள் பல. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்குப் பாட்டு என்றால் கதை. கதை நகராமல் அழகான உவமை மட்டும் வந்தால் பாட்டு நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றும். சர்ச் பாடகர் குழுவில் பாடியவருக்கு நாலு குரலும் சேர்ந்து ஒலிக்கிற இடம் முக்கியம்; தனிக்குரலில் தட்டையாகக் கேட்கும் மெட்டை அவர் அந்தச் சேர்க்கையை மனதில் வைத்துப் போட்டிருப்பார். தக்கலையில் ஞானி பீர் முகம்மது அப்பாவின் பாடல்களை ஆண்டு விழாவில் கூட்டமாகப் பாடக் கேட்டவர், ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருவதைக் குறையாக நினைக்க மாட்டார். அதில்தான் மனம் ஒன்றும் என்பது அவர் அனுபவம். சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவர் இந்த மூவரின் பாட்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால், மூன்று பேருக்கும் பொருந்தாத ஆலோசனைதான் கிடைக்கும்.

'ஆமா' போடுகிறவரின் வேலை

ஊக்கம் என்றால் புகழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்தால் வேறு பொருள் கிடைக்கும். நடுவில் வில். முதன்மைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுகிறார். சுற்றிலும் குடம், உடுக்கு, தாளம், கட்டை. அவர் ஒரு வரி கதை சொன்னதும் பின்பாட்டுக்காரர் 'ஆமா' என்கிறார். சில சமயம் "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கிறார். சில சமயம் பாடகர் சொன்ன கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்கிறார்.

அந்த ஒற்றைச் சொல் செய்யும் காரியங்களைக் கவனியுங்கள். பாடகருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. சொன்னது போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகிறது. அடுத்த வரியை எடுக்க ஒரு தள்ளு கிடைக்கிறது. 'நீங்கள் பெரிய பாடகர்' என்ற மதிப்பீடு மட்டும் அதில் எங்குமே இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர். எதிரில் இருப்பவர் போடும் 'ஆமா'வை வைத்தே பேச்சையும் பாட்டையும் நகர்த்தும் அந்த முறை இந்த மண்ணில் அவ்வளவு ஊறியது.

புதிதாக எழுதுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான்: கேட்டேன், இன்ன இடம் என்னிடம் வந்து சேர்ந்தது, மேலே சொல்லுங்கள். "ரெண்டாவது சரணத்துல அம்மா வாசல்ல நிக்கிற இடத்துல மறுபடியும் பின்னால போய்க் கேட்டேன் அண்ணே" என்று எழுத அரை நிமிடம் ஆகும். அது நாற்பது கைதட்டல் படங்களைவிடப் பயன் தரும். காரணம் எளிது. தன் பாட்டில் எந்த இடம் வேலை செய்தது என்று எழுதியவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த பாட்டில் அந்தத் திசையில் போவார்.

வெறும் பாராட்டு ஏன் கைகொடுப்பதில்லை

இதைப் பற்றி உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு ஆய்வுகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு பகுதியினரை 'நீ புத்திசாலி' என்றும், இன்னொரு பகுதியினரை 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகளுக்கு அதன்பிறகு விடாமுயற்சியும் குறைந்தது, ஆர்வமும் குறைந்தது. உழைப்பைப் பாராட்டக் கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள்.

இரண்டாவது, 1996இல் ஆவ்ரகாம் குளூகரும் ஆஞ்சலோ டினிசியும் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தது. ஒருவரின் செயலைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியாக நன்மை செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தருணங்களில் செயல்திறன் குறையவே செய்தது என்று கண்டார்கள். கருத்து எப்போது செய்த வேலையை விட்டுவிட்டு ஆளைத் தொடுகிறதோ, அப்போது அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டினாலும் இது பொருந்தும், புகழ்ந்தாலும் பொருந்தும்.

இரண்டும் பாட்டைப் பற்றிய ஆய்வுகள் இல்லை. இருந்தாலும் பாட்டுக்காரர்களுக்கிடையே நடப்பதை இவை நன்றாகவே விளக்குகின்றன. "நீ பொறவிக் கவிஞன்டே" என்று கேட்டவர் அடுத்த பாட்டை அனுப்பப் பயப்படுவார். அது சுமாராக வந்துவிட்டால் அந்தப் பட்டம் போய்விடுமே! "அந்த மூணாவது வரி நல்லா உக்காந்திருக்கு" என்று கேட்டவருக்கு அந்தப் பயம் இல்லை. பேச்சு அவரைப் பற்றியதே இல்லை, வரியைப் பற்றியது.

ஒரு சரணம், மூன்று பதில்கள்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டும் ஒரு தாயைப் பற்றி அவர் பிள்ளை எழுதியது என்று வைத்துக்கொண்டு ஒரு சரணத்தைப் பார்ப்போம். ரப்பர் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகச் சுரக்கும். அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார்கள். மரத்தில் கட்டிய சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், பால் சேரும். அதை உறைய வைத்து அழுத்தினால் ஷீட்டு.

தலையில கட்டுன லைட்டு வெளிச்சம்
தடத்தக் காட்டுது அம்மா
சிரட்ட நெறஞ்சா ஷீட்டு கிட்டும்
சிரிப்பு எங்கம்மா

மெட்டில் முதல் அடியின் கடைசி அசையை நாலு தட்டுக்கு நீட்டிப் பாட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மூன்று நண்பர்கள் பதில் தருகிறார்கள்.

முதல் நண்பர்: "கடைசி வரியில மனசு நின்னுபோச்சு மக்கா. பால் நெறஞ்சும் சிரிப்பு இல்லன்னு நேராச் சொல்லாம, கேள்வியாக் கேட்டிருக்க." இது ஊக்கம். எந்த இடம், ஏன் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

இரண்டாம் நண்பர்: "முதல் அடி முடியுற இடத்துல குரல் அடைபடுது. நீட்ட முடியல." இது திருத்தம், அதிலும் நல்ல திருத்தம். 'வெளிச்சம்' என்ற சொல் 'சம்' என்று மெய்யெழுத்தில் மூடிக்கொள்கிறது. அதை நாலு தட்டுக்கு நீட்டினால் 'ம்' மட்டும்தான் முனகலாக நீளும். நெடிலில் முடியும் சொல்லாக இருந்தால் வாய் திறந்தே இருக்கும். இரண்டாம் அடியில் 'அம்மா' அப்படித்தான் தாராளமாக நீள்கிறது. நீட்டிப் பாடும் இடத்தில் நெடில் வருவது தமிழ்ப் பாட்டில் எப்போதும் வசதி. சினிமாவுக்கு எழுதுகிறவர்களும் இதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

மூன்றாம் நண்பர் ஒரு படி மேலே போகிறார்: "வெளிச்சம் வேண்டாம், 'ஒளியிலே'ன்னு போடு." பாடும்போது குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் மெய்யில் மூடும் அசைக்கும் இரண்டு என்று எண்ணும் மாத்திரைக் கணக்கு சரியாகவே இருக்கிறது. வெளிச்சம்: வெ ஒன்று, ளிச் இரண்டு, சம் இரண்டு, ஆக ஐந்து. ஒளியிலே: ஒ, ளி, யி மூன்றும் ஒவ்வொன்று, லே இரண்டு, அதுவும் ஐந்து. முடிவில் நெடிலும் வந்துவிட்டது. பார்க்க அருமையான யோசனை.

இப்போது முழுதாகப் படியுங்கள். 'தலையில கட்டுன லைட்டு ஒளியிலே தடத்தக் காட்டுது அம்மா.' முன்பு வெளிச்சம் தடத்தைக் காட்டியது. 'அம்மா' என்பது தாயைக் கூப்பிடும் விளி. இப்போது தடத்தைக் காட்டுவது யார் என்றே தெரியவில்லை. அம்மாதான் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டால், நாலாம் அடியில் அதே அம்மாவை நேரில் கூப்பிட்டு "சிரிப்பு எங்கே" என்று கேட்பது ஒட்டவில்லை. போதாக்குறைக்கு 'ஒளி' அந்த வீட்டில் யாரும் பேசாத சொல்.

இரண்டாம் நண்பர் காட்டிய சிக்கல் உண்மையானது. மூன்றாம் நண்பரின் தீர்வுதான் பாட்டைக் கெடுத்தது. எழுதியவரிடம் சிக்கலை மட்டும் ஒப்படைத்திருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார். உதாரணமாக, சொல்லைத் தொடாமல் மெட்டை மாற்றலாம். நீட்டும் இடத்தை 'வெளிச்சம்' மேலிருந்து எடுத்து 'லைட்டு' என்பதன் 'லை' மேல் வைத்தால் போதும், குரல் திறந்துகொள்ளும். வரியில் இருப்பதாகத் தெரிந்த குறை மெட்டில் தீர்ந்துபோகும். இப்படிப்பட்ட வழி வெளியே இருந்து கேட்பவர் கண்ணில் படுவது அரிது, ஏனென்றால் எந்த வரியை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

குறை கண்ட இடத்தைச் சொல்லுங்கள், தீர்வைக் கேட்டால் மட்டும் கொடுங்கள் என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

வட்டாரச் சொல்லில் கை வைக்கலாமா

அதே சரணத்துக்கு வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "சிரட்டைன்னா யாருக்குப் புரியும்? கொட்டாங்குச்சின்னு போடு. கிட்டும் வேண்டாம், கிடைக்கும்னு எழுது" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் 'சிரட்ட' நாலு மாத்திரை, 'கொட்டாங்குச்சி' ஏழு. மெட்டு உடைந்துவிடும். 'கிட்டும்' நாலு, 'கிடைக்கும்' ஐந்து. அங்கேயும் ஒரு தட்டு இடிக்கும். வட்டாரச் சொல்லை மாற்றினால் மண்வாசனை போகிறது என்று மட்டும் நினைக்கிறோம்; சந்தமும் சேர்ந்தே போகிறது.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கு எளிய தமிழில் பாடினார். அவரே சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையைக் கண்டித்து எழுதிய நெடும்பாட்டில் அந்த வீடுகளின் பேச்சையும் புழக்கத்தையும் தாராளமாக உள்ளே விட்டார். யார் பேசுகிறார், யாருக்காகப் பாடுகிறார் என்பதை வைத்து மொழியை எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கிறார். கேட்கிறவர் செய்யக்கூடியது ஒரு கேள்வி கேட்பது: "வெளியூர்க்காரங்களுக்கும் புரியணும்னு நினைக்கிறியா, நம்ம ஊருக்குப் போதுமா?" மிச்சம் அவர் பாடு.

எந்த வரிசையில் பேசுவது

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர், அரைகுறையாக இருக்கும் படைப்பைப் பற்றிப் பேச 1990இல் நாலு படி கொண்ட ஒரு முறையை உருவாக்கினார். நடனத்துக்கு வந்தது, பிறகு மற்ற கலைகளுக்கும் பரவிவிட்டது. பாட்டுக்கு அதை இப்படிப் பொருத்திக்கொள்ளலாம்.

1. பாட்டைக் கேட்டவர் தன்னைத் தொட்ட இடத்தைச் சொல்கிறார். குறை எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

2. எழுதியவர் கேள்வி கேட்கிறார். "பல்லவி நீளமா இருக்கா?" "அனுபல்லவி இல்லாம இருந்தா நல்லா இருக்குமா?" தனக்கு எங்கே சந்தேகம் என்பது அவருக்கே தெரியும்.

3. பாட்டைக் கேட்டவர் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கிறார். "ஏன் இவ்வளவு மெதுவாப் போட்டிருக்கீங்க?" என்பதில் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. "எந்த வேகத்தை நினைச்சு எழுதினீங்க?" என்பதில் இல்லை.

4. "ஒரு கருத்து இருக்கு, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுவிட்டுக் கருத்தைச் சொல்கிறார். "இப்போ வேண்டாம்" என்று எழுதியவர் சொல்லலாம். அதில் மனவருத்தத்துக்கு இடமில்லை.

கேள்வி கேட்டு நூலைச் சோதிப்பது நமக்குப் பழைய பழக்கம். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேறியது என்று அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. ஆசான் குறைகளை எழுப்ப, தொல்காப்பியர் விடை சொல்லித் தெளிவாக்கினார் என்பது உரைமரபு. விளவங்கோடு பக்கம் இருக்கும் அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்று இங்கே பெருமையோடு சொல்வார்கள். ஆசானுக்கு ஐயம் வந்த இடத்திலும் விடை சொன்னது எழுதியவர்தான்.

மூன்றாம் படிக்கு நம் ஊரில் இன்னொரு பயனும் உண்டு. அறுபது வயது வாத்தியார் எழுதிய பாட்டில் இருபது வயதுப் பையன் குறை சொல்ல முடியாது. சொன்னால் மரியாதைக் குறைவாகப் போகும். "சார், ரெண்டாம் சரணத்துல தாளம் மாறுதே, கண்ட நடைக்குப் போறதா நினைச்சீங்களா?" என்று கேட்கலாம் (கண்ட நடை என்பது ஐந்தைந்தாக எண்ணும் தாள நடை). வேண்டுமென்றே மாற்றியிருந்தால் பையன் ஒன்று கற்றுக்கொள்கிறான். கைதவறி மாறியிருந்தால் வாத்தியாரே திருத்திக்கொள்வார்.

சில பாட்டுகளுக்கு முதல் படியோடு நிறுத்திவிட வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பாட்டு வந்தால், அதில் மோனை இருக்கிறதா, இரண்டாம் அடி இடிக்கிறதா என்று பார்க்கிற நேரம் அது இல்லை. ஒப்பாரிக்கு யாரும் திருத்தம் சொல்வதில்லை. "கேட்டேன் அக்கா. அந்தச் செருப்பு வாசல்லயே கெடக்குன்னு சொன்ன இடத்தைக் கேட்டு அழுதுட்டேன்" என்றால் போதும். மேடையில் பாடப் போகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரே பின்னால் கேட்டால், அப்போது மற்றதைப் பேசலாம்.

கடைசியில் பாட்டு யாருடையது

இனி மூன்றாவது விஷயம், பங்கு. இங்கே சட்டம் வருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நிலைமை இது.

1. பாட்டின் வரி இலக்கியப் படைப்பு. மெட்டு தனியே இசைப் படைப்பு. வரிக்கு எழுதியவர் உரியவர், மெட்டுக்கு இசையமைத்தவர் உரியவர். ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு.

2. உரிமை எழுதி வைத்த உடனே பிறந்துவிடுகிறது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் வழக்கு வரும்போது முதல்நிலைச் சான்றாக நிற்கும். எழுதியவர் காலம் முழுதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

3. கருத்துக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. "ரப்பர் வெட்டுற அம்மாவப் பத்தி எழுதேன்" என்று யோசனை சொன்னவர் பாட்டில் பங்காளி ஆவதில்லை. "குரல் அடைபடுது" என்று குறை காட்டியவரும் ஆவதில்லை.

4. இருவர் சேர்ந்து எழுதி, யாருடைய பகுதி எது என்று பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. அதன் 60 ஆண்டுக் கணக்கு, இருவரில் கடைசியாக மறைபவரின் காலத்துக்குப் பிறகு தொடங்கும்.

5. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. மாற்றிக் கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

ஊக்கமும் திருத்தமும் எவ்வளவு கொடுத்தாலும் பாட்டு எழுதியவருடையதுதான். முழுச் சரணத்தையே ஒரு நண்பர் எழுதிக் கொடுத்து, அதை அப்படியே சேர்த்துக்கொண்டால் விஷயம் வேறு. அந்த எல்லையைத் தாண்டும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். "இந்தச் சரணம் உன்னோடது, பாட்டுல ரெண்டு பேர் பேரும் வரும், சரியா?" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். தேதியோடு அது இருவரிடமும் இருக்கும். பாட்டு பிரபலமான பிறகு இதைப் பேசினால் நினைவு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

கொடைக்கும் கேரலுக்கும் எழுதுகிறவர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. பழகிய சினிமா மெட்டில் புது வரி எழுதுவது இங்கே சாதாரணம். அந்த வரி உங்களுடையது, மெட்டு உங்களுடையது இல்லை. யூடியூபில் ஏற்றினால் மெட்டின் உரிமையாளர் பேரில் உரிமைக் கோரிக்கை வர வாய்ப்பு இருக்கிறது. வந்தால், யாரோ வேண்டாதவர் புகார் கொடுத்துவிட்டார் என்று நண்பர்களைச் சந்தேகிக்க வேண்டாம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இயந்திரமே செய்கிறது.

மெட்டும் குரலும் தரும் செயலிகள்

இப்போது புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. வரியைக் கொடுத்தால் மெட்டு, வாத்தியம், குரல் எல்லாம் போட்டுத் தரும் சூனோ, யூடியோ போன்ற செயலிகள் வந்துவிட்டன. பழைய பாட்டுகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்திப் பயிற்சி கொடுத்தார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் அமெரிக்காவில் இவர்கள் மேல் வழக்குப் போட்டன. அது தனிக் கதை. நண்பர்களுக்குள் இதனால் வரும் சிக்கல் வேறு. ஸ்டூடியோ தரத்தில் பாட்டு வந்து விழும்போது எதற்குப் பாராட்டு, எங்கே திருத்தம் என்று தெரியாமல் போகிறது. வயலின் அருமை என்று நாம் சொன்னால் எழுதியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வரி மெட்டில் இடிக்கிற இடத்தைக்கூட அந்தக் குரல் எப்படியோ அமுக்கி வழவழப்பாக்கிவிடுகிறது. 'வெளிச்சம்' அடைபட்டது நம் நண்பரின் தொண்டையில் பாடியதால்தான் காதில் பட்டது.

எனவே செயலியில் செய்ததை அனுப்புகிறவர், எது தன்னுடையது என்று மேலே ஒரு வரி எழுதிவிடலாம்: "வரி என்னுடையது, மெட்டு செயலி போட்டது." கூடவே, தானே முணுமுணுத்துப் பாடிய பதிவு ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம், சுருதி விலகியிருந்தாலும் பரவாயில்லை. கருத்துச் சொல்கிறவர் முதலில் அதைக் கேட்டுவிட்டு, பிறகு மற்றதைத் திறக்கட்டும்.